கையோடு கொண்டு போகும் ஒரு தொழில்: கணனி நிறுவி அமைக்கப் பழகுதல்

காணியை விட்டு வந்த குடும்பங்களில் பிள்ளைகளின் தொழில் பற்றிய கவலை மற்றக் கவலைகளைவிடச் சற்றுப் பெரிது. வயல் கையில் இருந்த காலத்தில் படிப்பு ஏறாத பிள்ளைக்கும் ஒரு வழி இருந்தது. வாடகை வீட்டிலும் உறவினர் வளவிலும் இருப்பவர்களுக்கு அந்த வழி அடைபட்டுப் போயிற்று. 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர் இன்னமும் தமது செம்மண் தோட்டங்களுக்குத் திரும்பவில்லை. அன்று கைக்குழந்தைகளாய்த் தூக்கி வரப்பட்டவர்களின் பிள்ளைகள் இப்போது சாதாரண தரப் பரீட்சை எழுதும் வயதில் இருக்கிறார்கள்.

ஆகவேதான் 'கணனி படித்தால் உடனே வேலை' என்ற விளம்பரங்கள் எம்மவரிடையே இலகுவில் எடுபடுகின்றன. தாலிக்கொடியை அடகு வைத்துக்கூடப் பணம் கட்டுகிறார்கள். ஆறு மாதத்தின் பின் சட்டமிட்ட சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. பிள்ளையோ வீட்டில் இருக்கிறது. கணனிக் கல்வியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பணம் கட்டாமல், வீட்டில் இருந்தபடி, காணொளிப் பாடங்களைப் பார்த்துத் தம் வேகத்தில் பழகக்கூடிய ஒரு சிறு வேலையைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். விண்டோஸ் கணனிகளுக்கான நிறுவி அமைத்தல் என்பது அதன் பெயர். பிள்ளை படிப்பது என்ன, அது சரியாகப் படிக்கிறதா என்பதைக் கணனி தெரியாத தாய் தந்தையரும் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே எமது நோக்கம்.

நிறுவி என்றால் என்ன?

ஒரு கிராமத்தின் சிக்கனக் கடனுதவிச் சங்கத்துக்குக் கணக்கு எழுதும் மென்பொருள் ஒன்றை ஊர்ப் பிள்ளை ஒருவர் எழுதித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கணனியில் அது நன்றாக ஓடுகிறது. அதே கோப்பைச் சங்கத்தின் கணனியில் பிரதிபண்ணி வைத்தால் ஓடவில்லை. காரணம், அவருடைய கணனியில் ஏற்கெனவே இருந்த சில துணைக் கோப்புகள் இங்கே இல்லை. பாமினி எழுத்துருவும் இல்லை. பாமினியைப் பற்றி எமது வாசகர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை; இலங்கைத் தமிழ் அச்சுவேலையில் பெரும்பகுதி நீண்ட காலம் அதிலேயே நடந்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு அது. ஆகவே அது இல்லாத கணனியில் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். உறுப்பினர் பெயரெல்லாம் இப்படித் தெரிந்தால் காசாளர் என்ன செய்வார்? இன்று யூனிகோட் முறை வந்து இத்தொல்லை குறைந்துவிட்டது. எனினும் பழைய கணக்குகளை வைத்திருக்கும் சங்கங்களுக்கு அது தீர்ந்தபாடில்லை.

நிறுவி என்பது இந்தக் குடிபெயர்ப்பைச் செய்துவைக்கும் ஒரு சிறு மென்பொருள். வேண்டிய கோப்புகள் யாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டிக்கொண்டு புதிய கணனிக்குப் போகிறது, ஒவ்வொன்றையும் உரிய இடத்தில் வைக்கிறது, எழுத்துருவைப் பதிகிறது, திரையில் ஒரு குறியை வைக்கிறது. பின்னொரு நாள் 'இது வேண்டாம்' என்றால், தான் வைத்தவற்றை எடுத்துக்கொண்டு வெளியேறவும் வேண்டும். வருவதைப் பலரும் பழகுகிறார்கள். ஒழுங்காக வெளியேறுவதைப் பழகுபவர் குறைவு.

எழுத்துருவையே எடுத்துக்கொள்வோம். சங்கத்தின் மென்பொருளை நீக்கும்போது பாமினியையும் சேர்த்து நீக்கிவிட்டால், அதே கணனியில் பாமினியை நம்பி எழுதப்பட்ட கடிதங்களெல்லாம் வாசிக்க முடியாமற் போய்விடும். நாலு வீட்டுக்கும் பொதுவான கிணற்றை, குடிபெயரும் ஒரு வீட்டுக்காரர் மூடிவிட்டுப் போவதற்கு இது ஒப்பாகும். எனவே 'முன்பே இல்லாவிட்டால் மட்டும் வை', 'நீக்கும்போது இதை நீக்காதே' என்னும் இரண்டு குறிப்புகளை எழுத்துரு வரியில் சேர்க்க வேண்டும்.

இதைவிடப் பாரதூரமான இடம் ஒன்று உண்டு. சங்கத்தின் கணக்குகள் ஒரு தரவுக் கோப்பில் இருக்கின்றன. முதல் தடவை நிறுவும்போது வெறுமையான தரவுக் கோப்பு ஒன்றை நிறுவி கொண்டுவந்து வைக்கிறது. எட்டு மாதம் கழித்து மென்பொருளில் சிறு திருத்தம் செய்து புதிய நிறுவியை ஓட்டும்போது, அந்த முதலாவது குறிப்பு தரவுக் கோப்பின் வரியில் இல்லாவிட்டால், வெறுமையான கோப்பு மீண்டும் வந்து பழையதன் மேல் உட்கார்ந்துவிடும். எட்டு மாதக் கடனும் வரவும் ஒரு நொடியில் இல்லாமற் போகும். யார் எவ்வளவு கட்டினார் என்ற சண்டை அதன் பின் எத்தனை வருடம் நடக்கும் என்று சங்கங்களில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரேயொரு சொல் விடுபட்டதால் வரும் வினை இது. பழகுகிற பிள்ளை முதலில் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

எதைக் கொண்டு தொடங்குவது?

இன்னோ செட்டப் என்ற கருவியைக் கொண்டு தொடங்குவதே நல்லது என்பது எமது அபிப்பிராயம். ஜோர்டன் ரசல் என்பவர் 1997ஆம் ஆண்டு முதன்முதலில் வெளியிட்ட இக்கருவி இன்றும் திருத்தப்பட்டு வருகிறது. பழகுவதற்குப் பணம் தேவையில்லை. பழைய கணனியிலும் ஓடும். மென்பொருளின் பெயர், பதிப்பு இலக்கம், வைக்கவேண்டிய இடம், கோப்புகளின் பட்டியல் என்று பத்துப் பன்னிரண்டு வரியில் முதலாவது நிறுவியை எழுதிவிடலாம். கருவியோடு மாதிரிகளும் உதவிக் கையேடும் சேர்ந்தே வருகின்றன. ஒரு தடவை இறக்கிவிட்டால் இணையம் இல்லாத நாளிலும் பழகலாம். திரையில் தோன்றும் 'அடுத்து', 'முடிந்தது' போன்ற சொற்கள் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் இருப்பதால் அவற்றைத் தமிழில் எழுதிக்கொள்ளவும் முடியும்.

மென்பொருளுக்கென அதில் ஓர் அடையாள இலக்கம் கொடுக்க வேண்டும். பதிப்பு எத்தனை தடவை மாறினாலும் இதை மாற்றக்கூடாது. நாம் எந்த முகாமுக்குப் போனாலும் குடும்ப அட்டை இலக்கத்தைக் கொண்டே எம்மை அடையாளம் கண்டார்கள் அல்லவா? அதுபோல, வந்திருப்பது பழைய குடும்பந்தான் என்று கணனி இவ்விலக்கத்தைக் கொண்டே அறிகிறது. அதை மாற்றிவிட்டால் ஒரே மென்பொருள் இரண்டு பேராகப் பட்டியலில் நிற்கும்.

இரண்டாவது படி எம்எஸ்ஐ எனப்படும் வகை. மைக்ரோசொப்ட் நிறுவனம் 1999இல் ஒபிஸ் 2000 தொகுப்போடு கொண்டுவந்த விண்டோஸ் இன்ஸ்ரோலர் என்ற சேவை இதை ஓட்டுகிறது. எம்எஸ்ஐ கோப்பு உண்மையில் அட்டவணைகள் நிறைந்த ஒரு தரவுத்தளம். எந்தக் கோப்பு, எந்த உறை, எந்தப் பதிவு என்று அட்டவணையில் எழுதியிருப்பதைச் சேவை வாசித்துச் செய்கிறது. இடையில் தவறு நேர்ந்தால் செய்தவற்றைத் திருப்பி, முன்பிருந்த நிலைக்குக் கொண்டுபோகிறது. பெரிய அலுவலகங்கள் பல கணனிகளில் ஒரே நேரத்தில் மென்பொருளை ஏற்றுவதற்கு இவ்வகையை விரும்புகின்றன. இதை அமைக்க உதவும் விக்ஸ் என்ற கருவித்தொகுதியை மைக்ரோசொப்ட் 2004இல் திறந்த மூலமாக வெளியிட்டது. இது கடினமான படி. இன்னோவில் நாலைந்து நிறுவி செய்த பின்னரே இதில் கைவைக்க வேண்டும். விலை கொடுத்து வாங்கும் இன்ஸ்ரோல்ஷீல்ட் போன்றவை பழகும் பிள்ளைக்குத் தேவையில்லை.

காணொளியில் படிப்பது

யூடியூப்பில் இப்பாடங்கள் ஏராளம். பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ் மொழியில் படித்த பிள்ளைகள் இதைக் கேட்டவுடன் பின்வாங்குகிறார்கள். ஆனால் இத்தொழிலில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் ஐம்பதுக்கு மேல் இராது. வேகத்தை முக்காலாகக் குறைத்து, எழுத்து வரிகளைத் திரையில் வரச்செய்து பார்த்தால் ஒரு கிழமையில் காது பழகிவிடும்.

படம் பார்ப்பதுபோல் தொடர்ந்து பார்ப்பதுதான் பெருந்தவறு. ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு 'எல்லாம் விளங்கிவிட்டது' என்று எழும்பும் பிள்ளைக்கு மறுநாள் ஒரு வரிகூட எழுத வராது. நாற்று நடுவதைக் கரையில் நின்று பார்த்து யாரும் பழகியதில்லை. ஐந்து நிமிடம் பார்த்து நிறுத்த வேண்டும். பார்த்ததைத் தன் கையால் தட்டச்சுச் செய்து ஓட்ட வேண்டும். ஓடியபின், வேண்டுமென்றே ஒரு வரியை அழித்து என்ன பிழை வருகிறது என்று பார்க்க வேண்டும். காணொளியில் கற்பிப்பவருக்குப் பெரும்பாலும் பிழை வருவதில்லை. வந்த பிழையை வெட்டிவிட்டுத்தான் அவர் வெளியிடுகிறார். தொழிலோ பிழையைக் கண்டு திருத்துவதிலேதான் இருக்கிறது.

கைத்தொலைபேசியில் பாடமும் கணனியில் வேலையுமாக வைத்துக்கொள்வது வசதி. டேட்டாவை மிச்சம் பிடிக்கப் படத்தின் தரத்தைக் குறைத்தால் திரையிலுள்ள சிறிய எழுத்துகள் கலங்கி, அரைப்புள்ளி எது காற்புள்ளி எது என்று தெரியாது. பத்துப் பாடத்தைக் கலங்கலாக இறக்குவதைவிட இரண்டு பாடத்தைத் தெளிவாக இறக்குவதே சிக்கனம். 2022 மார்ச் முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை நீடித்ததைப் பிள்ளைகள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே ஒரு கொப்பியும் வேண்டும். மின்சாரம் இல்லாத நேரத்தில் நிறுவியின் வரிகளைத் தாளில் எழுதிப் பார்க்கலாம்.

காணொளி எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து வழக்கத்தைக் கற்பிக்கும் பாடங்கள் இன்னும் கிடக்கின்றன. அவை தரவுக் கோப்பை மென்பொருளின் உறைக்குள்ளேயே வைக்கச் சொல்லும். 2007இல் வெளிவந்த விஸ்ராவிலிருந்து, சாதாரணமாகக் கணனியைப் பாவிப்பவர் அந்த உறைக்குள் எழுத முடியாது. பழைய மென்பொருள் அங்கே எழுத முயன்றால், விண்டோஸ் சில வேளைகளில் அதை வேறொரு மறைவான இடத்துக்குத் திருப்பிவிடும். காசாளர் ஒரு பெயரில் நுழைந்தால் ஒரு கணக்கும், தலைவர் வேறு பெயரில் நுழைந்தால் வேறு கணக்கும் தெரிவது இதனால்தான். தரவைப் பொதுத் தரவு உறையில் வைத்து, எல்லோரும் எழுதும் அனுமதியை நிறுவியே கொடுத்துவிட வேண்டும்.

பெற்றோர் எப்படிச் சோதிக்கலாம்?

பிள்ளை செய்த நிறுவியை அதன் சொந்தக் கணனியில் ஓட்டிக் காட்டினால் ஏற்றுக்கொள்ள வேண்டாம். அங்கே எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. அயல்வீட்டாரின் கணனியில், அவர் சம்மதத்தோடு ஓட்டச் சொல்லுங்கள். மென்பொருளில் உங்கள் பெயரையும் நூறு ரூபா வரவையும் எழுதச் சொல்லுங்கள். கணனியை நிறுத்தி மீண்டும் இயக்கி, அந்த நூறு ரூபா இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அதே நிறுவியை மறுபடியும் ஓட்டச் சொல்லுங்கள். நூறு ரூபா இன்னும் இருக்கிறதா? கடைசியாக மென்பொருளை நீக்கச் சொல்லி, அயலவரின் பழைய கடிதங்கள் முன்போலத் திறக்கின்றனவா என்று பாருங்கள். இவ்வளவுக்கும் உங்களுக்குக் கணனி அறிவு தேவையில்லை. எந்தச் சான்றிதழும் இதைச் சோதித்துச் சொல்வதில்லை.

நாளாந்தப் பயிற்சிக்கு அயலவரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. விண்டோஸின் புரோ பதிப்பில் 2019 தொடக்கம் சாண்ட்பொக்ஸ் என்ற வசதி உண்டு. ஒன்றுமே ஏற்றப்படாத புதிய கணனி ஒன்றைத் திரைக்குள் திறந்து காட்டும். மூடியவுடன் யாவும் அழிந்துபோகும். குறைந்தது 4 ஜிபி நினைவகம் அதற்கு வேண்டும்.

இதை மாத்திரம் தெரிந்த பிள்ளைக்கு வேலை கிடைக்கும் என்று நாம் ஆசை காட்ட மாட்டோம். நிறுவி அமைத்தல் தச்சுத் தொழிலில் பிணைச்சல் பூட்டுவது போன்றது; மென்பொருள் எழுதவும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். ஆயினும் எழுதத் தெரிந்தவர்களில் பலர் இந்தக் கடைசி வேலையை வெறுக்கிறார்கள். அதைப் பொறுமையாகச் செய்பவரை ஒரு குழு விரும்பி வைத்துக்கொள்ளும்.

இன்னுமொரு விடயம். இணையத்திலிருந்து இறக்கிய நிறுவியில் கையொப்பம் இல்லாவிட்டால் விண்டோஸ் எச்சரிக்கைப் பெட்டி ஒன்றைக் காட்டலாம். டிஜிற்றல் கையொப்பத்துக்குக் காலத்துக்குக் காலம் பணம் கட்டிச் சான்றுரிமை பெற வேண்டும். 2023 ஜூன் முதல் அதன் இரகசியத் திறவுகோலைப் பாதுகாப்பான தனி வன்பொருளில் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. பழகும் பிள்ளை இதற்குச் செலவழிக்கத் தேவையில்லை. சங்கத்துக்குத் தானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது 'மேலதிக விபரம்' என்பதை அழுத்தி ஓட்டிக் காட்டலாம். ஆனால் வேறு எங்கிருந்தோ வந்த நிறுவிக்கு அப்படி அழுத்தக்கூடாது என்பதைக் காசாளரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டு வர வேண்டும்.