அம்புக்குறியும் 'தான்' என்னும் இடைச்சொல்லும்

ஜெர்மானிய அறிஞர் ஃபிரேகே 1879-இல் வெளியிட்ட சிறுநூலே இன்றைய குறியீட்டுத் தர்க்கவியலுக்கு அடித்தளம். இத்துறையின் குறிகளைக் கற்பது எளிது. அவற்றை அன்றாட மொழியில் பெயர்க்கும்போதுதான் நாம் தடுமாறுகிறோம். 'ப → ம' என்னும் கூற்றையே எடுத்துக்கொள்வோம்.

ப உண்மையாக இருந்து ம பொய்யாக இருப்பது நிகழாது என்பதே இதன் பொருள். தமிழில் இதனை 'ஆல்' விகுதியால் பெயர்க்கிறோம்: 'மழை பெய்தால் முற்றம் நனையும்.' கேட்பவர் மனமோ, 'மழை பெய்யாவிடில் முற்றம் நனையாது' என்பதையும் சேர்த்துக்கொள்கிறது. அம்புக்குறி அதனைச் சொல்லவில்லை. எவரேனும் நீர் தெளித்தாலும் முற்றம் நனையும்.

இனி, 'தூய்மை இருந்தால்தான் தொழுகை கூடும்' என்னும் வாக்கியத்தை நோக்குவோம். தூய்மையிலிருந்து தொழுகைக்கு அம்பு வரைந்தால் பிழையாகும். தூய்மையுடன் இருப்பவரும் நேரம் வருமுன் தொழுதால் அத்தொழுகை கூடாது. 'தொழுகை கூடியது → தூய்மை இருந்தது' என்பதே சரியான வடிவம். 'தான்' என்னும் இடைச்சொல் அம்பின் திசையையே திருப்பிவிடுகிறது.

உசூலுல் ஃபிக்ஹ் அறிஞர்கள் 'ஷர்த்து' என்பதை இவ்வாறே வரையறுத்தனர்: அது இல்லையேல் விதி இல்லை, அது இருப்பதனால் மட்டும் விதி உண்டாகிவிடாது. அரபு இலக்கணத்திலோ, 'ஆல்' பொருள் தரும் நிபந்தனைத் தொடருக்கும் ஷர்த்து என்றே பெயர். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதினால் குழப்பமே மிஞ்சும்.

நிபந்தனையுடன் ஒரு விதி கூறப்பட்டால், அந்நிபந்தனை இல்லாத இடத்தில் விதியும் இல்லை என்று கொள்ளலாமா? இதுவே 'மஃப்ஹூமுல் முகாலஃபா' என்னும் விவாதம். ஷாஃபிஈ அறிஞர்களில் பெரும்பாலோர் சில வரையறைகளுடன் இதனை ஆதாரமாக ஏற்பர். நிபந்தனையைக் குறிப்பிட்டதற்கு ஒரு நோக்கம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஹனஃபி அறிஞர்கள் மார்க்க மூலவசனங்களில் இதனை ஏற்பதில்லை. நிபந்தனை இல்லாத நிலை குறித்து வசனம் மௌனம் சாதிக்கிறது. அதற்கு வேறு ஆதாரம் தேட வேண்டும் என்பர். நம் மொழியில் சொன்னால், 'ஆல்' என்பதனுள் 'தான்' மறைந்துள்ளதா என்பதே கேள்வி. ஹனஃபி வாசிப்பு அம்புக்குறிக்கு நெருக்கமானது.

எனினும் மக்களின் பேச்சில் இந்த எதிர்மறைப் பொருள் கருதப்படும் என்று ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (இறப்பு 1836) விளக்கியுள்ளார். மனிதர் பேசும் வழக்கிற்கு அளிக்கப்பட்ட மதிப்பு இது.

ஆகவே அம்புக்குறியைத் தமிழாக்குவோர், 'ப மெய்யாகி ம பொய்யாகும் நிலை ஒன்றேனும் உண்டா?' என்று முதலில் சோதிக்க வேண்டும். பின்னர், 'ப இன்றியும் ம நிகழக்கூடுமா?' என்று கேட்க வேண்டும். நிகழுமெனில் 'தான்' சேர்க்கலாகாது. உடன்படிக்கையும் மரண சாசனமும் எழுதுவோர்க்கும் இவ்விரு கேள்விகள் பயன்படும். 'மகன் படித்தால் இந்நிலம் அவனுக்கு' என்பதும் 'படித்தால்தான் அவனுக்கு' என்பதும் ஒன்றல்ல. எழுதியவர் மறைந்தபின் அவரிடம் விளக்கம் கேட்க இயலாது.