புதிய மூட்டும் பழைய செபமும்

திருப்பலியில் எழுந்தேற்ற மணி ஒலிக்கும் வேளையில் ஆலயம் முழுவதும் முழந்தாளிடுகின்றது. அப்பொழுது சுவரோரத்து நாற்காலிகளில் அமர்ந்தவாறே தலைகுனிந்திருக்கும் சிலரை எல்லாப் பங்குகளிலும் காண்கிறோம். அவர்களுள் பலர் மூட்டுத் தேய்ந்தவர்கள். சிலர் அறுவைச் சிகிச்சையால் புதிய மூட்டைப் பெற்றவர்கள். அவர்கள் கடந்துவந்த பாதையை நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது நலம் என்றெண்ணியே இதனை எழுதுகிறோம்.

நாம் நன்கறிந்த ஆசிரியை ஒருவர், ஓய்வுபெற்றபின் ஆறு ஆண்டுகள் தம் முழங்கால் வலியை மறைத்தே வாழ்ந்தார். "வயதானால் வருவதுதானே, பிள்ளைகளுக்கு எதற்குச் செலவு?" என்பார். இரவில் தைலம் தேய்த்துக்கொள்வார். படியிறங்க அஞ்சி, நாளடைவில் கோயிலுக்கு வருவதையும் குறைத்துக்கொண்டார். ஒருநாள் மருமகள், "அத்தை, நீங்கள் பூசைக்கு வராமல் வீட்டில் தனியே இருப்பதுதான் எங்களுக்குப் பெரிய பாரம்" என்று கூறிய பின்னரே மருத்துவரிடம் செல்ல இசைந்தார்.

முழங்காலில் எலும்புகள் உராயாதவாறு காப்பது குருத்தெலும்பு. அது தேய்ந்து போனால் எலும்பும் எலும்பும் உரசுகின்றன. மருந்து, உடற்பயிற்சி, எடைக்குறைப்பு ஆகியவற்றால் பயனில்லாதபோதே அறுவையைப் பற்றி மருத்துவர் பேசுவார். தேய்ந்த பரப்பைச் செதுக்கி, தொடையெலும்பின் முனைக்கு உலோகக் கவசமும், கீழெலும்பின் தலைக்கு உலோகத் தட்டும் பொருத்தி, இடையில் பாலிஎத்திலீன் தகடு வைக்கிறார்கள். இடுப்பிலோ, தொடையெலும்பினுள் ஒரு தண்டும், அதன்மேல் ஒரு பந்தும், அப்பந்து சுழல ஒரு கிண்ணமும் அமைகின்றன.

இக்கலை எளிதில் கைகூடியதன்று. இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி என்னும் மருத்துவர், முதலில் டெஃப்லான் கிண்ணங்களை நோயாளருக்குப் பொருத்தினார். சில ஆண்டுகளில் அவை தேய்ந்து துன்பம் விளைத்தன. அவர் தம் தவற்றை மறைக்கவில்லை. அப்பொருளைத் தம் தொடையிலேயே செலுத்தி அதன் தீங்கைச் சோதித்தார். பழுதான மூட்டுகளை மீண்டும் அறுத்து மாற்றினார். 1962 நவம்பரில் அவர் கையாளத் தொடங்கிய பாலிஎத்திலீன் கிண்ணமே இன்றைய முறைக்கு அடித்தளமாயிற்று.

அறுவைக்கு முந்திய நாள் பங்குத்தந்தை எண்ணெய்ச் சிமிழுடன் வந்தபோது, ஆசிரியையின் தமக்கையார் அழத் தொடங்கிவிட்டாராம். 'அவஸ்தைபூசுதல்' என்ற பழைய பெயர் அவர் நினைவிலிருந்து நீங்கவில்லை. இது சாவின் வாயிலில் இருப்போர்க்கு மட்டும் உரியதன்று என்பதையும், கடும் நோயின் காரணமாக அறுவைக்குச் செல்வோரும், தளர்ந்த முதியோரும் இதனைப் பெறலாம் என்பதையும் பங்குத்தந்தை விளக்கினார். அன்றிரவு தாம் அச்சமின்றி உறங்கியதாக ஆசிரியை நம்மிடம் கூறினார்.

மறுநாள் அறுவை. அதற்கடுத்த நாளே நடைச்சட்டத்தைப் பிடித்து எழுந்து நிற்கச் செய்தார்கள். படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும் என்பதால் இந்த அவசரம். ஆனால் அவருக்கு உண்மையான சோதனை வீடு திரும்பிய பின்னரே வந்தது. மூன்றாம் வாரத்தில் வீக்கம் வடியவில்லை, உறக்கமில்லை. "ஏன்தான் இதற்கு உடன்பட்டேனோ!" என்று கண்ணீர் வடித்தார். முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சி அவருக்கு வேதனையாயிருந்தது. அப்பொழுது ஒரு வழி கண்டார். ஒரு முறை மடக்க ஒரு மங்கள வார்த்தை. பத்து முறைக்கு ஒரு பத்து. மருமகள் எதிரில் அமர்ந்து உடன் செபித்தார். மூன்று திங்களில் ஊன்றுகோலின்றிக் கோயிலுக்கு நடந்து வந்தார்.

இடுப்பு மூட்டு மாற்றிய கொத்தனார் ஒருவரின் அனுபவம் வேறு. வலி விரைவில் நீங்கிற்று. ஆயினும் தாழ உட்காராதே, குந்தாதே, கால்மேல் கால் போடாதே என்ற கட்டளைகள் அவரை வாட்டின. பங்குத் திருவிழா விருந்தில் எல்லாரும் தரையில் அமர, தாம் மட்டும் நாற்காலியில் அமர நாணி, உண்ணாமலே திரும்ப முற்பட்டார். அவருடன் வேலை செய்த நண்பர்கள் நால்வர் தாங்களும் நாற்காலிகளைக் கொணர்ந்து அவரருகில் அமர்ந்தனர். அவர் மனம் குளிர்ந்தது.

எல்லாரும் முழு நலம் பெறுவதில்லை என்பதையும் மறைக்கலாகாது. முழங்கால் மாற்றியோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் மனநிறைவு அடைவதில்லை என்பர். கெண்டைக்கால் வீக்கம், காய்ச்சல், தையலில் கசிவு, திடீர் மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்காது மருத்துவரிடம் விரைய வேண்டும். புதிய மூட்டின் ஆயுளோ ஆறுதல் தருவது. 2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றின்படி, முழங்கால் மூட்டுகளில் பத்துக்கு எட்டும், இடுப்பு மூட்டுகளில் பத்துக்கு ஏறத்தாழ ஆறும் 25 ஆண்டுகள் நிலைக்கின்றன.

நம் திருத்தந்தையரும் இப்பாதையை அறிந்தவர்களே. இரண்டாம் அருள் சின்னப்பர் 1994 ஏப்ரலில் வழுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்து, செயற்கை இடுப்பு மூட்டைப் பெற்றார். நான்கு வாரங்கள் மருத்துவமனையில் இருந்தார். அதன்பின் ஊன்றுகோலுடனே உலகெங்கும் பயணம் செய்தார். திருத்தந்தை பிரான்சிஸ், 2021இல் நடந்த குடல் அறுவையின் மயக்க மருந்து தந்த தொல்லையை எண்ணி, முழங்கால் அறுவையை விரும்பவில்லை. 2022 மே முதல் சக்கர நாற்காலியில் அமர்ந்தே திருச்சபையை வழிநடத்தினார். ஒருவர் அறுவையை ஏற்றார், மற்றவர் தவிர்த்தார். இருவரும் பிறர் உதவியைப் பெற நாணவில்லை.

நம் ஆசிரியைக்கு ஒரு கவலை எஞ்சியிருந்தது. நடக்க முடிந்தது, ஆனால் முழந்தாளிட்டால் தையலிட்ட இடம் கூசியது, மரத்தது. "ஆண்டவர் முன்னிலையில் உட்கார்ந்திருப்பது குற்றமாகாதா, சாமி?" என்று பங்குத்தந்தையை வினவினார். உடல்நலக் குறைவால் முழந்தாளிட இயலாதவர்களைத் திருச்சபை கட்டாயப்படுத்துவதில்லை என்றும், எழுந்தேற்றத்தின்பின் குருவானவர் தாள்பணியும்போது தாழ்ந்து வணங்கினால் போதுமென்றும் அவர் விடையளித்தார். அன்றுமுதல் ஆசிரியை சுவரோரத்து நாற்காலியில் அமைதியோடு அமர்கிறார்.

அன்புக் குடும்பத்தாரே, மருத்துவர் மூட்டைத்தான் மாற்றித் தர முடியும். நடையை மீட்டுத் தருபவர்கள் வீட்டிலுள்ளவர்களே. உங்கள் இல்லத்து முதியோர் கோயிலுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டால், காரணத்தை அன்போடு கேளுங்கள். கைப்பிடியுள்ள நாற்காலி ஒன்றை வாங்கி வையுங்கள். மாலையில் அவர்களோடு பத்து நிமிடம் நடங்கள். ஆலயப் படியோரம் ஒரு கைப்பிடிக் கம்பி அமைக்கப் பங்குப் பேரவையில் பேசுங்கள். சிலுவை சுமந்த ஆண்டவருக்கே சீரேனே ஊர் சீமோனின் தோள் தேவைப்பட்டதன்றோ!