ஞானத்தாயும் ‘காசிப்’பும்

புறங்கூறுதல், வம்பளப்பு, ஊர்க்கதை என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் ‘காசிப்’ என்கிறார்கள். பத்திரிகைகளில் வரும் கிசுகிசுவுக்கும் இதே பெயர்தான். ஆனால் இந்தச் சொல் பிறந்தது திருமுழுக்குத் தொட்டியின் அருகே என்றால் நம்புவீர்களா?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இது ‘காட்-சிப்’. ‘காட்’ என்றால் கடவுள், ‘சிப்’ என்றால் உறவினர். உடன்பிறந்தோரைக் குறிக்கும் ‘சிப்லிங்’ என்ற சொல்லிலும் இந்த ‘சிப்’ உண்டு. கடவுளின் பெயரால் உறவானவர், அதாவது நம் ஞானத்தாய், ஞானத்தகப்பன். இது வெறும் சடங்கு உறவு அல்ல. ஞான உறவினருக்குள் திருமணத்தையே திருச்சபை தடை செய்திருந்தது. இலத்தீன் திருச்சபையில் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில்தான் அத்தடை நீங்கியது.

பின்னர் நெருங்கிய நண்பரும் ‘காசிப்’ ஆனார். பிரசவ வேளையில் தாய்க்குத் துணையாக வந்த பெண்களையும் அப்படியே அழைத்தார்கள். ஆண்களுக்கு அந்த அறையில் இடமில்லை. மணிக்கணக்கில் காத்திருப்பு, பேச்சு. அந்த வீட்டின் நல்லது கெட்டது எல்லாம் அவர்களுக்குத் தெரியும். 16-ஆம் நூற்றாண்டிலேயே வம்பு பேசுபவர் என்ற பொருளும் சேர்ந்துவிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பேச்சுக்கே அது பெயராயிற்று. (பெண்கள் கூடினாலே வம்புதான் என்று நினைத்த ஆண்களுக்கும் இதில் பங்குண்டு என்பது என் கருத்து.) பிரெஞ்சு மொழியிலும் ஞானத்தாயைக் குறித்த ‘கொம்மேர்’ என்ற சொல் வம்புக்காரியைக் குறிக்கலாயிற்று.

ஏன் இப்படி? நம் வீட்டு இரகசியம் அந்நியருக்குத் தெரியாது. நாம் நம்பி உள்ளே விட்டவருக்குத்தான் தெரியும். திருத்தந்தை பிரான்சிஸ் 2020 செப்டம்பர் 6 அன்று தம் மூவேளைச் செப உரையில், புறங்கூறுதல் கொரோனாவைவிட மோசமான கொள்ளைநோய் என்றார். அன்றைய நற்செய்தி, தவறு செய்த சகோதரரிடம் தனியாகச் சென்று பேசச் சொல்லும் மத்தேயு 18:15-20.

ஞானப்பிள்ளை குடிக்கிறான், ஞானமகள் வேறு சாதியில் திருமணம் செய்ய விரும்புகிறாள் என்ற செய்தி ஞானப்பெற்றோர் காதுக்குத்தான் சீக்கிரம் வருகிறது. அந்தப் பிள்ளையிடமே போய்ப் பேசலாம். பூசை முடிந்து கோயில் வாசலிலும் பேசலாம். பிள்ளை கிறிஸ்தவ வாழ்வு வாழ உதவுவதே ஞானப்பெற்றோரின் கடமை என்கிறது திருச்சபைச் சட்டம் 872. திருமுழுக்குப் பதிவேட்டில் உங்கள் பெயரோடு எழுதப்பட்ட அந்தப் பிள்ளைக்கு இப்போது என்ன வயது? கடைசியாக எப்போது அவனோடு பேசினீர்கள்?