புத்தகங்களுக்குள் போட்டி!

எண்ணூர்த் துறைமுகத்துக்குச் சரக்குக் கப்பல் வருவது வள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். கண்ணீரைச் சுமந்த கப்பலின் கதை இது.

கனடா நாட்டு வானொலி 2002 முதல் ஒரு போட்டி நடத்துகிறது. ஐந்து புத்தகங்கள், அவற்றுக்காக வாதாட ஐந்து பிரமுகர்கள். தினமும் ஓட்டெடுப்பு, ஒரு புத்தகம் வெளியேறும். கடைசியில் நிற்பதே, நாடு முழுவதும் படிக்கவேண்டிய புத்தகம்!

2018-ல் ஷாரன் பாலா எழுதிய "தி போட் பீப்பிள்" களம் இறங்கியது. போருக்குத் தப்பி, ஆறு வயது மகனுடன் கப்பலேறிய இலங்கைத் தமிழர் மகிந்தனின் கதை. கரை சேர்ந்தால் காவல்! 2010-ல் 492 தமிழர்கள் கப்பலில் கனடா போய்ச் சேர்ந்த சம்பவமே இதற்கு வித்து.

வாதாடியவர் ஆப்கானியப் பாடகி மொஸ்டா ஜமால்சாதா. அவரும் குழந்தையாக அகதியாய் வந்தவர்தான்!

பரிசு வேறு புத்தகத்துக்குப் போனது. ஆனால், தமிழ் அகதியின் வழக்கு வானொலியில் ஒலித்துவிட்டதே!

உங்கள் வீட்டிலும் ஆளுக்கொரு புத்தகத்துக்காக வாதாடிப் பாருங்களேன்!