பாக்கெட்டில் ஒரு காந்தம்!

என் சட்டைப் பாக்கெட்டில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும். 'ராசிக்கல்லா சார்?' என்று ஆபீஸில் கேட்கிறார்கள். இல்லை ஸ்வாமி, பித்தளை வேட்டை!

வடக்கனந்தலில் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு பித்தளை விளக்கு தொங்கியது. பின்பக்கம் தாம்பாளம் மாதிரி தகடு. கரண்ட் வந்தபிறகு யார் சீந்துவார்கள்? அதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்ட புண்ணியவான் சாட்சாத் நான்தான். அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

அந்தப் பாவத்துக்குத்தான் இப்போது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அலைகிறேன். செட்டிநாட்டு வீடுகளுக்குக் கப்பலில் வந்த ஸ்வீடன் எனாமல் பாத்திரங்கள்கூட அங்கே உண்டு. அதே ஸ்வீடனில் ராஜா ஒன்பதாம் கார்ல் 1607-ல் ஆரம்பித்த ஸ்கல்ட்டூனா பித்தளைப் பட்டறை இன்னும் ஓடுகிறது. குளிர்காலத்தில் அங்கே மத்தியானமே இருட்டிவிடும். அதனால் சுவர் விளக்கில் மெழுகுவர்த்திக்குப் பின்னால் பளபளவென்று ஒரு தகடு. ஒரு சுடர் இரண்டாகத் தெரியும். அட, நம்ம வீட்டு டெக்னிக்!

வாங்கப் போகிறீர்களா? காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். ஒட்டாவிட்டாலும் உடனே மயங்காதீர்கள். கைபட்டுத் தேய்ந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பழசுக்கு மதிப்பே அந்தக் கறுப்புதான்.

போன மாசம் ஒன்று மாட்டியது. அப்படியே அம்மாவிடம் நீட்டினேன்.

''நம்மளது இல்லடா'' என்ற அம்மா, உள்ளே போய்ப் புளியோடு வந்தாள்.