டர்போ பெட்ரோல் கார் நம்பி வாங்கலாமா? இன்ஜின் எத்தனை வருஷம் தாங்கும்? நெய்வேலி மாதிரி ஊர்க்காரங்க கவனிக்க வேண்டியது என்ன?

"ஆயிரம் சிசி இன்ஜின்தான் சார், ஆனா 120 குதிரைத்திறன்" என்று ஷோரூமில் சொல்லும்போது யாருக்கும் ஆசை வரும். அதையே தெரிந்த மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னால், "டர்போவா? பின்னாடி செலவு வைக்குமே" என்பார். இதில் எது உண்மை?

இரண்டிலுமே பாதி உண்மை இருக்கிறது. இன்றைய டர்போ பெட்ரோல் இன்ஜின் சீக்கிரம் பழுதாகும் பொருள் அல்ல. ஆனால் பராமரிப்பில் தவறு செய்தால் மன்னிக்காது. குறிப்பாக நெய்வேலி டவுன்ஷிப் மாதிரி, தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே கார் ஓடும் ஊர்களில் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. அது என்ன என்று விரிவாகப் பார்க்கலாம்.

டர்போ எப்படி வேலை செய்கிறது?

நெய்வேலிக்காரர்களுக்கு டர்பைன் என்றால் என்ன என்று விளக்கவே வேண்டாம். பழுப்பு நிலக்கரியை எரித்து, தண்ணீரை நீராவியாக்கி, அந்த நீராவியால் டர்பைனைச் சுற்ற வைத்துத்தான் அனல்மின் நிலையத்தில் மின்சாரம் எடுக்கிறார்கள். காரில் நீராவிக்குப் பதில் இன்ஜின் வெளியேற்றும் சூடான புகை. சைலன்சர் வழியாக வீணாகப் போக வேண்டிய புகை, உள்ளங்கை அளவு டர்பைன் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரசர் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, இன்ஜினுக்குள் தள்ளுகிறது.

காற்று அதிகமானால் அதற்கேற்ப பெட்ரோலையும் அதிகம் எரிக்கலாம். அதனால் சின்ன இன்ஜினிலேயே பெரிய இன்ஜினின் பவர் கிடைக்கிறது. அழுத்தும்போது காற்று சூடாகும் என்பதால், அதைக் குளிர்விக்க இன்டர்கூலர் இருக்கிறது. அழுத்தம் அளவுக்கு மீறினால் புகையைத் திருப்பிவிட வேஸ்ட்கேட் என்ற வால்வு இருக்கிறது.

வேகத்தில்தான் பெரிய வித்தியாசம். மின் நிலையத்தின் 210 மெகாவாட் டர்பைன் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றும். காரில் இருக்கும் குட்டி டர்போ ஒன்றரை லட்சம் சுற்றுகளையும் தாண்டும்!

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃப்ரெட் பியூச்சி 1905-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். டர்போ வைத்த முதல் பெட்ரோல் கார்கள் அமெரிக்காவில் 1962-ல் விற்பனைக்கு வந்தன. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியதும் அதே வருஷம்தான்.

கம்பெனிகள் ஏன் டர்போவுக்கு மாறின?

முதல் காரணம் வரி. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள் இருந்தால் அது சின்ன கார். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பெரிய கார்களுக்கு 40 சதவீதம். இன்ஜினைப் பெரிதாக்காமல் பவரைக் கூட்ட டர்போதான் வழி.

இரண்டாவது காரணம் டீசல். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகள் வந்தபோது சின்ன டீசல் இன்ஜினைச் சுத்தமாக்கும் செலவு எகிறியது. மாருதி டீசலையே கைவிட்டது. டீசலின் இழுவைக்குப் பழகியவர்களுக்கு மாற்றாக டர்போ பெட்ரோல் வந்து நின்றது.

பவர் எவ்வளவு கூடுகிறது?

சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாயின் இரண்டு இன்ஜின்களை ஒப்பிட்டால் புரியும்.

• 1.2 லிட்டர் சாதாரண பெட்ரோல்: 83 குதிரைத்திறன், 114 நியூட்டன் மீட்டர் இழுவை. முழு இழுவை 4,000 ஆர்பிஎம்மில்தான் கிடைக்கும்.

• 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல்: 998 சிசி, 3 சிலிண்டர், 120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர் இழுவை. 1,500 ஆர்பிஎம்மிலேயே முழு இழுவையும் கிடைத்துவிடும்.

அதாவது, இன்ஜின் சின்னது, இழுவை 50 சதவீதம் அதிகம். நெய்வேலி ஆர்ச் கேட்டைத் தாண்டி விக்கிரவாண்டி பக்கம் போகும் சாலையில் கரும்பு லாரியை ஓவர்டேக் செய்யும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அப்போ சிக்கல் எங்கே?

"டீசல் வண்டியில் டர்போ வருஷக்கணக்கா ஓடுதே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பெட்ரோல் புகை டீசல் புகையைவிடச் சூடு அதிகம். முழு வேகத்தில் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டுக்குப் பக்கத்திலேயே, லட்சத்துக்கும் மேல் சுற்றும் தண்டு எதன் மேல் நிற்கிறது தெரியுமா? மெல்லிய ஆயில் படலத்தின் மேல். ஆயில் கெட்டால் அந்தப் படலம் அறுந்துவிடும். தண்டும் பேரிங்கும் உரசத் தொடங்கும். அதன் பிறகு டர்போவைக் காப்பாற்றுவது கஷ்டம்.

இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு.

ஒன்று, குறைந்த வேகத்தில் டாப் கியர் போட்டு ஆக்சிலரேட்டரை அழுத்துவது. அப்போது ஸ்பார்க் பிளக் பொறி கொடுப்பதற்கு முன்பே பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் டர்போ இன்ஜின்களில்தான் இந்தத் தொல்லை அதிகம். பலமாக நடந்தால் பிஸ்டனே உடையலாம். இதைத் தடுப்பதற்கென்றே சோதிக்கப்பட்ட ஆயில் தரம்தான் 2020-ல் வந்த 'ஏபிஐ எஸ்பி'.

மற்றொன்று கார்பன். நேரடித் தெளிப்பு இன்ஜினில் உள்ளிழுக்கும் வால்வு மீது பெட்ரோல் படுவதில்லை. அதனால் வால்வைக் கழுவிவிட ஆள் இல்லை. வருஷங்கள் போகப் போக அழுக்குப் படியும்.

சென்னையில் தயாரான கார் சொல்லும் பாடம்

டர்போ பெட்ரோல் இன்ஜினின் பெருமைக்கும் சிக்கலுக்கும் ஒரே உதாரணம் வேண்டுமானால் ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டைச் சொல்லலாம். 2013-ல் மறைமலைநகர் ஆலையில் இருந்து 1.0 லிட்டர் 'எக்கோபூஸ்ட்' டர்போ இன்ஜினுடன் இந்தக் கார் வந்தது. 2012, 2013, 2014 என்று தொடர்ந்து மூன்று வருஷம் உலகின் சிறந்த இன்ஜின் விருது வாங்கிய இன்ஜின் அது.

அதில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும்படி வடிவமைத்திருந்தார்கள். சத்தம் குறையும், உராய்வும் குறையும். ஆனால் தப்பான ஆயில் ஊற்றினாலோ, ஆயிலை மாற்றாமல் இழுத்தாலோ பெல்ட் சிதையும். அந்தத் துகள்கள் ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். ஆயில் வராமல் இன்ஜினே பழுதாகும்.

2023 டிசம்பரில், அமெரிக்காவில் விற்ற சுமார் 1.4 லட்சம் எக்கோஸ்போர்ட், ஃபோகஸ் கார்களை ஃபோர்டு திரும்ப அழைத்தது. காரணம், 1.0 லிட்டர் இன்ஜினில் ஆயில் பம்ப்பைச் சுற்றும் பெல்ட் பகுதியில் கோளாறு. ஆயில் அழுத்தம் போனால் ஓடும்போதே இன்ஜின் நின்றுவிடலாம் என்பதுதான் பயம். அமெரிக்கா போன எக்கோஸ்போர்ட்கள் சென்னையில் இருந்து கப்பல் ஏறியவை.

கவனியுங்கள், இங்கே சிக்கல் டர்போவில் இல்லை. ஆயிலில். டர்போ இன்ஜினின் நம்பகத்தன்மை என்ற கேள்வி சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது. எல்லா டர்போ இன்ஜினிலும் இப்படி ஆயில் பெல்ட் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹூண்டாயின் 1.0 டர்போவில் இருப்பது டைமிங் செயின்.

நெய்வேலி கணக்கு: மீட்டரை நம்பினால் ஏமாறலாம்!

டவுன்ஷிப்பில் எல்லாமே பக்கம். வட்டத்தில் இருக்கும் வீட்டில் இருந்து ஆபீஸ், ஸ்கூல், மெயின் பஜார் எல்லாம் சில கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ஒரு கணக்குப் போடுவோம்.

• வீடு–ஆபீஸ் 3 கிலோமீட்டர். போக வர 6. மாதம் 25 நாளுக்கு 150 கிலோமீட்டர். வருஷத்துக்கு 1,800.

• மாதம் ஒருமுறை சென்னை. போக வர சுமார் 400 கிலோமீட்டர். வருஷத்துக்கு 4,800.

• மொத்தம் 6,600 கிலோமீட்டர்.

"10,000 கிலோமீட்டர் ஆனதும் ஆயில் மாத்திக்கலாம்" என்று காத்திருந்தால் ஒன்றரை வருஷம் ஆகிவிடும். ஆனால் பொதுவாக சர்வீஸ் விதி, '10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது'. பலரும் இதன் இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள்.

3 கிலோமீட்டர் ஓட்டத்தில் ரேடியேட்டர் தண்ணீர் சூடானாலும் ஆயில் முழுச் சூட்டுக்கு வராது. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலக்கும். நீண்ட ஓட்டத்தில்தான் அது ஆவியாகி வெளியேறும். நம் ஊர் வெயில் இதில் ஓரளவு கைகொடுக்கிறது. குளிர்நாடுகளில் நிலைமை இன்னும் மோசம். ஆனால் வெயில் மட்டும் போதாது.

அடுத்தது தூசு. சுரங்கம், சாம்பல், மண் லாரிகள் என்று நெய்வேலியைச் சுற்றித் தூசுக்குப் பஞ்சமே இல்லை. ஏர் ஃபில்டர் அடைபட்டால் டர்போ மூச்சுத்திணறி உழைக்கும். ஃபில்டர் கிழிந்திருந்தால் துகள்கள் நேராகக் கம்ப்ரசர் சக்கரத்தில் போய் மோதும்.

குறைந்த தூர ஓட்டம், தூசு, கடும் வெயில் மூன்றையுமே கார் மேனுவல்கள் 'கடினமான பயன்பாடு' என்ற பட்டியலில்தான் வைக்கின்றன. 8 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதை ஹூண்டாய் மேனுவல் இதில் சேர்க்கிறது. இந்தப் பட்டியலுக்குச் சீக்கிரமே ஆயில் மாற்ற வேண்டும். காலைப் பனியில் மெதுவாக ஆபீஸ் போய் வரும் கார், "அடிக்காம ஓட்டின வண்டி" என்று பேர் வாங்கினாலும், ஆயிலைப் பொறுத்தவரை அது கஷ்டப்பட்ட வண்டிதான்.

என்ன செய்யணும்?

• ஆயில் மாற்றக் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், மாதத்தைப் பாருங்கள். டவுன்ஷிப் ஓட்டம் மட்டும் என்றால் மேனுவலின் 'கடினமான பயன்பாடு' அட்டவணைதான் உங்களுக்கு.

• மேனுவலில் சொன்ன தரம், சொன்ன கனம் உள்ள ஆயில் மட்டுமே ஊற்றுங்கள்.

• மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அளவு குறைந்தாலும் ஆபத்து, பெட்ரோல் வாடையோடு கூடினாலும் ஆபத்து.

• ஏர் ஃபில்டரை அடிக்கடி பாருங்கள். பலமாகக் காற்றடித்துச் சுத்தம் செய்தால் காகிதம் கிழியும். மாற்றிவிடுவதே நல்லது.

• ஸ்டார்ட் செய்த உடனே முறுக்காதீர்கள். முதல் சில கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள்.

• ஹைவேயில் வேகமாக வந்து நிறுத்தினால் அரை நிமிடம், ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். ஊருக்குள் மெதுவாக ஓட்டி வந்தால் இது தேவையில்லை.

• வாரம் ஒருமுறையாவது பண்ருட்டி, விருத்தாசலம் என்று அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள்.

பழைய டர்போ கார் வாங்கும்போது...

மீட்டரில் 20,000 கிலோமீட்டர்தான் என்று சந்தோஷப்பட வேண்டாம். சர்வீஸ் பில்களில் தேதியைப் பாருங்கள். ஆறு வருஷத்தில் மூன்று முறைதான் ஆயில் மாற்றியிருந்தால் யோசியுங்கள். ஆயில் மூடியைத் திறந்து உள்ளே கறுப்புப் பிசின் இருக்கிறதா பாருங்கள். நீலப் புகை, முறுக்கும்போது புதிதாக வரும் விசில் சத்தம், இழுவை குறைவது மூன்றும் எச்சரிக்கை மணி. எக்கோபூஸ்ட் என்றால் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

டர்போ யாருக்கு? யாருக்கு வேண்டாம்?

வாரம்தோறும் சென்னை, திருச்சி என்று ஹைவே ஓட்டம் இருக்கிறது, குடும்பத்தோடு லோடு ஏற்றிப் போகிறீர்கள் என்றால் டர்போ நல்ல தேர்வு. ஆயில் நன்றாகச் சூடாகும், இன்ஜினும் ஆரோக்கியமாக இருக்கும்.

டவுன்ஷிப்பைத் தாண்டுவதே அபூர்வம் என்றால் சாதாரண 1.2 லிட்டர் இன்ஜினே போதும். விலையும் குறைவு, கொஞ்சம் அசட்டையாக இருந்தாலும் தாங்கும். ஏற்கெனவே டர்போ வாங்கிவிட்டீர்களா? பயப்பட வேண்டாம். கடைசியாக எந்த மாதம் ஆயில் மாற்றினீர்கள் என்று பில்லை எடுத்துப் பாருங்கள். ஒரு வருஷத்தைத் தாண்டியிருந்தால், மீட்டர் என்ன காட்டினாலும் சரி, இந்த வாரமே சர்வீஸுக்கு விட்டுவிடுங்கள்.