மாடியிலிருந்து எறிந்த கல்

சென்ற வாரம் நேராகக் கீழே விழும் கல்லைப் பார்த்தோம். இந்த வாரம் அதே கல்லைச் சாய்வாக எறியப்போகிறோம். பிளஸ் ஒன் இயற்பியலில் பிள்ளைகள் முதன்முதலாகத் திணறுவது இந்த இடத்தில்தான். இத்தனை வருடம் வகுப்பெடுத்ததில் நான் கண்டது இது.

கணக்கு இதுதான்: 15 மீட்டர் உயர மொட்டைமாடியின் விளிம்பிலிருந்து ஒரு கல், கிடைமட்டத்துக்கு 30 டிகிரி மேல்நோக்கி, விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறியப்படுகிறது. கட்டடத்தின் அடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் அது தரையில் விழும்? புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொள்ளலாம். காற்றை விட்டுவிடலாம். கல்லுக்கு அது பரவாயில்லை, இறகுப்பந்துக்குத்தான் ஒத்துவராது.

என் மாணவி ஒருத்தி அரை நிமிடத்தில் நோட்டை நீட்டினாள். விடை 34.6 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை இரு மடங்கு கோணத்தின் சைனால் பெருக்கி, முடுக்கத்தால் வகுத்திருந்தாள். பெருக்கல், வகுத்தல் எதிலும் பிழையில்லை. விடைக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடுகூடப் போட்டிருந்தாள்.

"ஃபார்முலாவுல கரெக்டாத்தான் சார் போட்டேன்."

"நீ போட்டதுல அந்த 15 எங்கம்மா?"

நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடியின் உயரம் கணக்கில் எங்கும் நுழையவே இல்லை. 34.6 மீட்டரில் கல் மறுபடி மாடி மட்டத்துக்கு வந்திருக்கும், அவ்வளவுதான். தரை இன்னும் 15 மீட்டர் கீழே கிடக்கிறது. புறப்பட்ட மட்டத்திலேயே வந்து விழுகிற பொருளுக்கு மட்டும் செல்லுபடியாகும் சூத்திரம் அது. அதை முதல் நாளே மனப்பாடம் செய்ய வைப்பது பெரிய தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். சூத்திரம் கைக்கு வந்ததும் பிள்ளைகள் கல்லைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

நான் சொல்லித்தருவது வேறு. பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போடு. இடப்பக்கம் கிடைமட்டக் கணக்கு, வலப்பக்கம் செங்குத்துக் கணக்கு. இடப்பக்கம் கல்லைத் தள்ளவோ இழுக்கவோ யாருமில்லை. கிளம்பிய வேகம் கடைசிவரை மாறாது. வலப்பக்கம் நேராக மேலே எறிந்த கல்லின் கதை: மேலே போகிறது, தளர்கிறது, பிறகு சென்ற வாரம் பார்த்ததுபோலவே விழுகிறது. கோட்டைத் தாண்டிப் போக உரிமையுள்ளது நேரம் ஒன்றுக்குத்தான்.

பக்கவாட்டில் வேகமாகப் பாயும் கல் கொஞ்சம் தாமதமாகத்தானே விழும் என்று மனம் முரண்டுபிடிக்கும். பிடிக்கட்டும். அதைச் சோதித்துப் பார்த்த ஒருவரின் கைத்தாள் இன்றும் இருக்கிறது. ஃபிளாரன்ஸ் நகரின் தேசிய நூலகத்தில் உள்ள கலிலியோவின் குறிப்புகளில் 116 என்று எண்ணிட்ட தாள் அது. 1608-ஐ ஒட்டி பதுவாவில் எழுதியது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். சாய்பலகையில் உருண்டு வரும் குண்டு, மேசை விளிம்பிலிருந்து கிடைமட்டமாகப் பாய்ந்து தரையில் விழுகிறது. மேசையின் உயரம் 828 புந்தி. ஒரு புந்தி, மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மேசை மாறாததால் விழும் நேரமும் மாறாது. பலகையில் எவ்வளவு உயரத்திலிருந்து குண்டை விடுகிறோமோ அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பப் பாயும் தூரம் மட்டும் கூடவேண்டும். 300 உயரத்திலிருந்து விட்டபோது 800 தூரம் போனது. அப்படியானால் 600-லிருந்து விட்டால் 1131 போகவேண்டும். போனது 1172. வித்தியாசம் 41 என்று அவரே பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார். நாலு சென்டிமீட்டருக்கும் குறைவு, இரண்டு விரல் அகலம். 800-லிருந்து 1306 வரவேண்டிய இடத்தில் 1328 வந்தது. பக்கவாட்டு வேகம் விழும் நேரத்தில் தலையிட்டிருந்தால் இந்த எண்கள் இவ்வளவு நெருங்கி வந்திருக்காது. எறிபொருளின் பாதை பரவளையம் என்பதை அவர் புத்தகத்தில் விரிவாக எழுதியது 1638-இல், லெய்டனில் அச்சான 'இரண்டு புதிய அறிவியல்கள்' நூலின் நான்காம் நாள் பகுதியில். அப்போது அவர் வீட்டுக்காவலில் இருந்தார், பார்வையும் போயிருந்தது.

இப்போது நம் மாடிக்கு வருவோம். 20-ஐப் பிரித்தால் இடப்பக்கத்துக்கு 17.3, வலப்பக்கத்துக்கு 10. மேல்நோக்கிப் போவதைப் பிளஸ் என்றால், தரை இருக்கும் இடம் மைனஸ் 15. இந்த மைனஸைத் தவறவிட்டுப் பிளஸ் 15 போடுகிறவர்கள் பலர். போட்டால் வர்க்கமூலத்துக்குள் எதிர்மறை எண் வந்து கணக்கு நின்றுபோகும். நிற்கத்தான் வேண்டும். இந்தக் கல் மாடிக்கு மேல் 5 மீட்டர்தான் ஏறும், 15 மீட்டர் உயரத்தை எந்நாளும் தொடாது.

சரியாகப் போட்டால் வலப்பக்கத்தில் நேரத்தின் வர்க்கம், கழித்தல் இரு மடங்கு நேரம், கழித்தல் 3, சமம் 0 என்று சுருங்கும். விடை 3 விநாடி. அந்த 3-ஐ எடுத்துக் கோட்டைத் தாண்டி இடப்பக்கம் வைத்து 17.3-ஆல் பெருக்கு. ஏறத்தாழ 52 மீட்டர்.

"இன்னொரு விடை மைனஸ் 1 வருது சார். அடிச்சிடவா?"

"இரு. அது எந்த இடம்னு பாத்துட்டு அடி."

மைனஸ் 1 விநாடி என்றால் எறிவதற்கு ஒரு விநாடி முன்பு. அப்போது இதே பாதையைப் பின்னோக்கி நீட்டினால் கல் தரையில் இருக்கும், கட்டடத்தின் விளிம்புக்கு 17.3 மீட்டர் பின்னால். மேல்நோக்கிய வேகம் 20, பக்கவாட்டு வேகம் அதே 17.3. குறுக்கே கட்டடம் இல்லையென்று வைத்துக்கொண்டு யாராவது அங்கிருந்து இப்படி எறிந்திருந்தால், சரியாக ஒரு விநாடியில் மாடி விளிம்பை அதே வேகத்தில், அதே 30 டிகிரியில் கடந்து, நம் கல் விழுந்த அதே இடத்தில் போய் விழுந்திருக்கும்.

அவள் படத்தில் மாடியிலிருந்து பின்னால் தரைவரை ஒரு புள்ளிக்கோடு வரைந்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "இப்ப தரையில ஆரம்பிச்சுத் தரையிலயே முடியுதே சார்" என்றாள். தான் முதலில் போட்ட சூத்திரத்தையே மறுபடி எடுத்தாள். கிளம்பும் வேகத்தின் வர்க்கம் 700, கோணம் 49.1 டிகிரி. விடை 69.3 மீட்டர். அதிலிருந்து 17.3-ஐக் கழித்தாள். 52.